தோடியின் காந்தாரம் எந்தத் துறை?

பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் உங்கள் குழுவிலிருந்து ஒன்றரைப் பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. முதல் தளத்தில் இருக்கும் ஒலி ஆய்வறையை 30ஆம் தேதிக்குள் காலி செய்து, தேர்வுத் தாள்கள் வைக்க ஒப்படைக்க வேண்டும். இசைத்துறைக்கும் கணினித்துறைக்கும் பொதுவாகப் பதிவு செய்திருக்கும் இரண்டு பிஎச்டி மாணவர்களும் ஏதாவது ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து, மற்றத் துறையைச் சார்ந்த அத்தியாயங்களை நீக்கிவிட்டுத் தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுடன் வேலை செய்யும் மிருதங்க வித்வானுக்கு உரிய கல்வித் தகுதி இல்லாததால் அவருடைய மதிப்பூதியம் நிறுத்தப்படுகிறது. மூன்று முடிவுக்கும் நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் ஒன்றுதான்: இந்த ஆய்வு எந்தத் துறையின் எல்லைக்குள்ளும் முழுமையாக வரவில்லை.

இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை இதில் எழுதவில்லை. யாரையும் அவமானப்படுத்துவது என் நோக்கம் இல்லை. அதோடு, இதே வேலையைச் செய்யும் என் நண்பர்கள் வேறு வளாகங்களிலும் இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்கள். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்கிறேன். குழுவில் பலர் அதற்குள் வந்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை அது. நாங்களே கூட்டி, தேங்காய்நார் மெத்தைகளைச் சுவரில் அடித்து, ஜன்னல் இடுக்கில் பழைய கம்பளியைத் திணித்து, மின்விசிறியைக் கழற்றினோம். நான்கு மைக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு தம்பூரா, மூன்று மிருதங்கம், ஒரு கோரைப்பாய். பதிவு நடக்கும்போது வியர்த்துக் கொட்டும். ஆனாலும் வளாகத்தில் அவ்வளவு அமைதியான அறை வேறு இல்லை. பதிவுகளின் நடுவே பஸ் ஹாரன் கேட்காத ஒரே இடம் அது.

அந்த அறையில் நடந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் சுற்றறிக்கைக்கு என் பதில் அதில்தான் இருக்கிறது.

மிருதங்கத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் கேட்டு, இது மீட்டு, இது சாப்பு, இது தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், விழுந்த தொம் என்று தானாகப் பிரித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றைக் கணினித்துறை மாணவர் எழுதிக்கொண்டிருந்தார். பெரும்பாலான பதிவுகளில் நன்றாகவே வேலை செய்தது. ஐப்பசி மாதத்தில் செய்த ஒரு தொகுதிப் பதிவுகளில் மட்டும் குழம்பியது. சாப்பை மீட்டு என்றது, மீட்டைச் சாப்பு என்றது. மூன்று வாரம் அந்தப் பையன் புரோகிராமை மாற்றி மாற்றிப் பார்த்தார். மைக்கைச் சந்தேகப்பட்டோம், கேபிளைச் சந்தேகப்பட்டோம், அடிகளைக் கையால் குறித்ததில் தவறோ என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தோம். ஒரு நிமிட வாசிப்பில் இருக்கும் அடிகளைக் குறிக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதையும் மறுபடி செய்தோம்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அய்யா வந்தார். வித்வானை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே போடுங்கள் என்றார். பத்து விநாடி கேட்டிருப்பார். "நிறுத்து தம்பி. இது அந்தப் பழைய வாத்தியம்தானே? சாதம் ஒரு பக்கம் பேர்ந்திருக்கு. மழையில வேற வாசிச்சிருக்கீங்க, தோல் ஈரத்தை இழுத்துக்கிச்சு. உங்க மெஷின் மேல தப்பில்ல. சாப்பு சாப்பா விழவே இல்லையே, அது என்ன பண்ணும்?"

அலமாரியைத் திறந்து மிருதங்கத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சைத்தான் கரணை என்றும் சாதம் என்றும் சொல்வார்கள். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு போயிருந்தது. சாப்பு வாசிக்கும்போது சுண்டுவிரல் விழுவது அந்த விளிம்பில்தான்.

அய்யா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பத்து வயதிலிருந்து வாசிக்கிறார். முனைவர் பட்டம் வாங்கிய நானும், வாங்கப்போகிற மாணவரும் மூன்று வாரமாகக் கண்டுபிடிக்க முடியாததை அவர் பத்து விநாடியில் சொன்னார். அதே சமயம், அவர் சொன்னதை அளந்து, பேர்ந்த சாதம் எந்த அதிர்வை எவ்வளவு இடம் மாற்றுகிறது என்று கணக்காக்க எங்களால் முடிந்தது. அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. ஒரே பாயில் உட்கார்ந்திருந்ததால் இரண்டும் சேர்ந்தன. இந்த ஆய்வு என்பது இதுதான். இசைத்துறை அத்தியாயத்தை நீக்கினால் சாதம் பேர்ந்த கதை போய்விடும். கணினி அத்தியாயத்தை நீக்கினால் அளவு போய்விடும். மிச்சம் இருப்பதை வைத்து எந்தத் துறையிலும் பட்டம் வாங்க முடியாது.

அந்தக் கறுப்புச் சாதம் அங்கே ஏன் இருக்கிறது என்று முதலில் இயற்பியல் வழியாகக் கேட்டவர் சி.வி. ராமன். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அதில் பிறக்கும் மேல் அதிர்வுகள் ஒன்றோடு ஒன்று இசையாது. தந்தியில் வருவதுபோல அடிப்படை ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக நிற்காது. அதனால்தான் பெரும்பாலான பறைகளில் சுருதி தெளிவாக எழுவதில்லை. நடுவில் சாதம் வைத்துக் கனம் ஏற்றும்போது அந்த அதிர்வுகள் இழுபட்டு, இசையும் இடங்களுக்கு வந்து நிற்கின்றன. ராமன் இதை 1920ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நோபல் பரிசு வாங்கி நான்கு வருடம் கழித்து, 1934ல், விரிவாகவே எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் போய் ஒதுங்குகிறது என்று பார்த்தார். ஒன்பது வகை அதிர்வுகள் சேர்ந்து ஐந்து இசைந்த ஒலிகளாவதைக் காட்டினார். அவருக்கு முன்பே, எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, சோற்றையும் கல்பொடியையும் குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசிப் பூசி, தேய்த்துத் தேய்த்து அதைக் காதால் கண்டுபிடித்தவர்கள் மிருதங்கம் செய்யும் தொழிலாளர்கள். ராமனின் கட்டுரை அந்தத் தொழிலாளியின் கைக்கு இயற்பியல் தந்த மரியாதை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இசைத்துறை மாணவியின் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பாடத் தெரிந்தவருக்குக் கோடிங் எதற்கு?" என்று டாக்டரல் கமிட்டியில் அவரிடம் கேட்கப்பட்டது. அந்தக் கேள்வி என்னை இன்னும் உறுத்துகிறது.

பாடுகிற குரலின் சுருதி ஒவ்வொரு கணத்திலும் எங்கே நிற்கிறது என்று கணினி அளந்து கோடாக வரையும். அந்த அளவுகளையெல்லாம் கூட்டி, எந்த இடத்தில் குரல் அதிகம் நின்றது என்று பார்த்தால், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மேடு வர வேண்டும். ஷட்ஜத்துக்கு வரும், பஞ்சமத்துக்கு வரும். தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு மட்டும், அது இருக்க வேண்டிய இடத்தில் மேடு வராது. முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் மென்பொருளில் பிழை என்று நினைத்தேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், தோடி காந்தாரம் நிக்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல அசைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அந்த அசைவுதான் காந்தாரம்" என்று சொல்லி, பாடியும் காட்டினார். திரையில் கோடு அலை அலையாகப் போனது. அந்த அலையின் நடுவில் எங்குமே குரல் தங்கவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அது காந்தாரம் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை.

சுரம் என்பது ஒரு புள்ளி என்று எடுத்துக்கொண்டு எழுதிய மென்பொருள் தோடியைப் பிழை என்று சொல்லும். சுரம் ஒரு பாதை என்று தெரிந்தவர்தான் அந்த மென்பொருளைத் திருத்த முடியும். அவருக்குக் கோடிங்கும் தெரிந்திருந்தால் அவரே திருத்திவிடுவார். அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். பைத்தான் என்ற கணினி மொழியை ஒன்றரை வருடம் இரவில் உட்கார்ந்து தானாகக் கற்றுக்கொண்டார். அந்த அத்தியாயங்களை நீக்கச் சொல்கிறீர்கள்.

இதெல்லாம் சங்கீதம் தெரிந்த நாலு பேருக்கு மட்டும் வேண்டிய நுணுக்கம் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2020 ஊரடங்கில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாட்டும் மிருதங்கமும் போனிலும் கம்ப்யூட்டரிலும்தான் கற்றார்கள். என் அண்ணன் மகளும் அப்படித்தான். டீச்சர் அந்தப் பக்கம் தம்பூரா போட்டுக்கொண்டு பாடுவார். இந்தப் பக்கம் தம்பூரா இரண்டு விநாடி கேட்கும், அப்புறம் காணாமல் போகும். ஏனென்றால், மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அது இரைச்சல் என்று அந்தச் செயலிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தத்தைத் துடைப்பதுபோல ஆதார சுருதியைத் துடைத்துவிட்டது. பிள்ளை சுருதி இல்லாமல் பாடினாள், டீச்சர் திட்டினார். தப்பு இருவர் மேலும் இல்லை. பேச்சை மட்டும் மனதில் வைத்து யாரோ எங்கோ எடுத்த முடிவு அது. அந்த முடிவு எடுக்கும் மேஜையில் தம்பூரா கேட்டு வளர்ந்த ஒரு இன்ஜினியர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால், அவரை உருவாக்கும் இடம் இங்கே எங்காவது இருக்க வேண்டாமா?

பாட்டிலிருந்து குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருள்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் பலவற்றுக்குத் தெரிந்த பெட்டிகள் குரல், டிரம்ஸ், பேஸ், மிஞ்சினால் பியானோ. நாங்கள் ஒரு கச்சேரிப் பதிவைக் கொடுத்துப் பார்த்தோம். வயலின் குரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தவிலும் நாதஸ்வரமும் கொடுத்தபோது என்ன வந்தது என்று எழுத்தில் விவரிக்க முடியாது, அறைக்கு வந்தால் போட்டுக் காட்டுகிறேன்.

இந்த வேலை உலகத்தில் எங்குமே இல்லாத புதுமை இல்லை. ஸ்பெயினில் பார்சிலோனாவில் இருக்கும் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் 2017 வரை, ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியில், சேவியர் செர்ரா தலைமையில் இசையைக் கணினி வழியாக ஆராயும் காம்ப்மியூசிக் என்ற திட்டத்தை நடத்தியது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஐந்து இசை மரபுகளில் கர்நாடக சங்கீதமும் ஒன்று. சென்னை ஐஐடி அதில் கூட்டாளி. நம் ராகத்தைப் புரிந்துகொள்ளப் பார்சிலோனாவில் ஆறு வருடம் ஆட்களும் பணமும் இருந்தன. இங்கே ஒரு அறையைக் கேட்கிறேன்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967ல் கம்ப்யூட்டரில் சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் அசைவு அசைவாகக் கேட்காமல் ஒலியின் நிறமே மாறியது. எஃப்எம் என்ற ஒலி உருவாக்கும் முறை அப்படிப் பிறந்தது. இசைத்துறை ஆள் செய்த இந்த வேலையை என்னவென்று மதிப்பிடுவது என்று தெரியாமல், 1970களில் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பணி தரவில்லை. யமஹா நிறுவனம் அந்த முறைக்கு உரிமம் வாங்கியது. பிறகு பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1983ல் வந்த டிஎக்ஸ்7 கீபோர்டு உலகம் முழுக்கப் பாட்டுகளின் ஒலியையே மாற்றியது. அந்த உரிமம் பல்கலைக்கழகத்துக்குக் கோடிகளில் வருமானம் தந்தது. காசுக்காக இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை. ஒரு முடிவைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் வெட்கம் இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்மிடமும் இது புதிதில்லை. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். சுருதிக் கணக்கைப் போட்டு 1917ல் 'கருணாமிர்த சாகரம்' எழுதினார். மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் ஒன்றாக வைத்து யாழின் நரம்புகளுக்குக் கணக்குப் போட்டார். அந்த 'யாழ் நூல்' 1947ல் வெளிவந்தது. அவரை இன்று உங்கள் குழுவின் முன்னால் நிறுத்தினால், தமிழ்த்துறையா இயற்பியல்துறையா இசைத்துறையா என்று கேட்டு, மூன்றில் இரண்டை நீக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இடப் பற்றாக்குறை எனக்குத் தெரியும், தேர்வுத் தாள்கள் வராந்தாவில் அடுக்கியிருப்பதை நானும் பார்க்கிறேன். ஆறு வருடத்தில் எங்களிடமிருந்து வந்தது இரண்டு கட்டுரைதான் என்பதும் உண்மை. மூன்றாவதை இசை இதழ் ஒன்று கணக்கு அதிகம் என்று திருப்பியது, இன்ஜினியரிங் இதழ் ஒன்று இசை அதிகம் என்று திருப்பியது. ஆனால் விதிகள் இடம் தரவில்லை என்று நீங்கள் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022ல் வெளியிட்ட பிஎச்டி விதிமுறைகள், வேறு துறையைச் சேர்ந்த இணை வழிகாட்டியை அனுமதிக்கின்றன. அதே 2022ல் கொண்டுவந்த 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' திட்டத்தில், குறைந்தது 15 வருட அனுபவம் உள்ள வல்லுநரை, வழக்கமான பட்டத் தகுதி இல்லாமலே நியமிக்கலாம். அந்தத் திட்டத்தில் நுண்கலையும் உண்டு. அய்யாவுக்கு அனுபவம் ஐம்பது வருடத்துக்கு மேல்.

நான் கேட்பவை இவை. அந்த அறையை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதே அளவு அமைதியான இன்னொரு அறையைக் காட்டி, மைக்கும் மெத்தையும் வாத்தியமும் பத்திரமாக இடம் மாறிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை 30ஆம் தேதி என்ற கெடுவை நிறுத்தி வையுங்கள். இரண்டு மாணவர்களும் பதிவு செய்த தலைப்பிலேயே, ஒரு அத்தியாயத்தையும் வெட்டாமல், இரண்டு துறை வழிகாட்டிகளோடு ஆய்வை முடிக்க எழுத்தில் அனுமதி தாருங்கள். அவர்களுடைய வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு பக்கமும் தெரிந்த தேர்வாளர்களைப் போடுங்கள்.

அய்யாவின் மதிப்பூதியத்தை நிறுத்திய மாதத்திலிருந்து நிலுவையோடு கொடுங்கள். நான் சொன்ன யுஜிசி திட்டத்தில் அவரை முறையாக நியமிக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வையுங்கள். எங்கள் மிருதங்கங்களுக்குச் சாதம் வைத்துத் தந்து, அது எப்படி வைக்கப்படுகிறது என்று மூன்று நாள் உட்கார்ந்து விளக்கிய மிருதங்கத் தொழிலாளிக்கு இதுவரை வாத்தியம் பழுதுபார்த்த கூலி மட்டும்தான் போயிருக்கிறது. ஆய்வில் பங்கெடுத்தவர் என்ற முறையில் அவருக்கும் ஊதியம் வேண்டும்.

இன்னொன்று, சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லாதது. அந்த அறையின் ஹார்டு டிஸ்கில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களின் பதிவுகள் இருக்கின்றன. ஆய்வுக்கு மட்டும் என்று சொல்லி, ஒவ்வொருவரிடமும் நான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அறை மூடப்பட்டால் அந்த வாக்குக்கு யார் பொறுப்பு? குரலைக் கேட்டு அதுபோலவே பாடும் மென்பொருள்கள் வந்துவிட்ட காலம் இது. அந்தப் பதிவுகள் நூலகத்தின் பொறுப்பில் பாதுகாக்கப்படும், கலைஞர்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிறுவனத்துக்கும் போகாது என்று குழு எழுதித் தர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மதிப்பூதியம் நின்ற பிறகும் அய்யா வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருகிறார். இரண்டு பஸ் மாறி வருகிறார். 30ஆம் தேதிக்கு முன்பு ஏதாவது ஒரு வியாழக்கிழமை, குழுவிலிருந்து மூன்று பேராவது வந்து அந்தப் பாயில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சாதம் பேர்ந்த அந்த மிருதங்கத்தை நாங்கள் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருக்கிறோம். அதையும் நல்ல வாத்தியத்தையும் அவர் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுவார், திரையில் கோடுகளும் ஓடும். கேட்டுவிட்டு உங்கள் முடிவை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒலி ஆய்வறையின் பொறுப்பாசிரியர்,
கணினித்துறை